சிறு கல்லறைகள் குறைந்த கதை



யூபிலி மலர் என்றால் கோவில் கட்டிய கதை இருக்கும். மணி வாங்கிய கதை இருக்கும். இங்கே பணியாற்றிய குருக்களின் நிழற்படங்கள் வரிசையாக இருக்கும். அவையெல்லாம் இம்மலரின் மற்றப் பக்கங்களில் உள்ளன. நாம் எழுத எடுத்துக்கொண்டது வேறொரு வரலாறு. அதற்குக் கல்வெட்டு கிடையாது. சாட்சியாக இருப்பது நம் பங்கு அலுவலக அலமாரியில் உள்ள ஒரே ஒரு புத்தகம்: இறந்தோர் பதிவேடு.

பழைய பதிவேடுகள் இலத்தீன் மொழியில் எழுதப்பட்டவை. அவற்றைப் புரட்டினால் ஒரு சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: 'இன்ஃபான்ஸ்'. குழந்தை என்று பொருள். 'இன்னும் பேச்சு வராதவர்' என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். பேச்சு வருமுன்னே போய்விட்ட பிள்ளைகள் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறார்கள். காய்ச்சல், பேதி, அம்மை, வலிப்பு என்று காரணங்களும் மாறி மாறி வருகின்றன. ஒரே தாயின் பெயர் இரண்டு மூன்று இடங்களில் வருவதும் உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தச் சொல் அரிதாகிறது. இன்று கல்லறைத் திருநாளில் மந்திரிக்கப் போகும்போது, சிறு கல்லறைகள் அநேகமாகப் பழையவையாகவே இருக்கின்றன.

இது எப்படி நடந்தது? பெரிய மருத்துவமனைகள் வந்தன, மருந்துகள் வந்தன என்று சட்டென்று பதில் சொல்லிவிடலாம். அது பாதி உண்மைதான். மறுபாதி, வீட்டு வாசலில் உட்கார்ந்து தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்த செவிலியரின் வரலாறு. அதையே இங்குச் சொல்ல விரும்புகிறோம்.

ஞானஸ்நானத் தண்ணீர்

நம் ஊர்களான ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தவை. அதன்பின் இராமநாதபுரம் ஜில்லா. 1985இல் இன்றைய விருதுநகர் மாவட்டம். எந்த ஜில்லாவில் இருந்தாலும் தலைமையிடம் தூரம், பெரிய ஆஸ்பத்திரியும் தூரம். மதுரையில் 1940இல் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி வந்தது. அதுவே பின்னாளில் இராஜாஜி மருத்துவமனை. ஆனால் பேதி கண்ட ஒரு கைக்குழந்தை மதுரை போய்ச் சேரும்வரை தாங்குமா? அனுமன் சுமந்த மலையின் துண்டு என்று சொல்லப்படும் சஞ்சீவி மலை ராஜபாளையத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அந்த மலையடிவாரத்திலும் பிள்ளைகள் இறந்துகொண்டுதான் இருந்தார்கள்.

அந்நாளில் திருச்சபை என்ன செய்தது? மறைக்காமல் எழுதுகிறோம். சாகும் தறுவாயில் உள்ள குழந்தையைத் தேடிப் போய் ஞானஸ்நானம் கொடுத்தது. 1843இல் பிரான்சில் ஆயர் ஃபோர்பின் ஜான்சன் தொடங்கிய திருப்பாலத்துவ சபைக்கும் இது ஒரு முக்கிய நோக்கமாக இருந்தது. உபதேசியார்கள் காலரா கண்ட தெருக்களுக்கும் அஞ்சாமல் போனார்கள். அவர்களுடைய விசுவாசத்தை நாம் குறைவாக மதிப்பிடவில்லை. ஆனால் அக்குழந்தைக்கு நெற்றியில் ஊற்றிய தண்ணீரோடு, வாயில் புகட்டவும் தண்ணீர் தேவைப்பட்டது என்பதை உலகமே அப்போது அறிந்திருக்கவில்லை.

1936ஆம் ஆண்டு

ராஜபாளையத்து மக்களுக்கு 1936 என்றதும் பி.ஏ.சி. இராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில் நினைவுக்கு வரும். அதே ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள், லூர்து அன்னையின் திருநாளன்று, உரோமையில் ஓர் ஆணை வெளியானது. அதுவரை துறவறக் கன்னியர் மருத்துவத் தொழில் செய்வதற்கும், குறிப்பாகப் பிரசவம் பார்ப்பதற்கும், திருச்சபைச் சட்டம் தடையாக இருந்தது. நோயாளிக்குப் பணிவிடை செய்யலாம். ஆனால் பிரசவ அறைக்குள் போகக் கூடாது. நம் நாட்டிலோ பெண்கள் ஆண் மருத்துவரிடம் போகத் தயங்கினார்கள். இதனால் எத்தனை தாய்மாரும் சிசுக்களும் மடிந்தார்கள் என்பதை இராவல்பிண்டியில் கண்ணால் கண்டவர் மருத்துவர் அன்னா டெங்கல். அவர் 1925இல் மருத்துவ மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். அவருக்கு முன் ஆக்னஸ் மக்லாரன் என்ற பெண் மருத்துவர் முதிய வயதிலும் இதற்காக உரோமையிடம் மன்றாடியிருந்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து குண்டூருக்கு வந்த மருத்துவக் கன்னி மேரி குளோரி, 1920இல் தனி அனுமதி பெற்றே மருத்துவம் பார்க்க முடிந்தது. இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தை 1943இல் நிறுவியவரும் அவரே.

1936இன் ஆணை இந்தக் கதவை முழுவதுமாகத் திறந்தது. அதன் பிறகே தமிழகத்துச் சிற்றூர்களிலும் கன்னியர் மடத்தோடு ஒரு மருந்தகம், அதில் செவிலியப் பயிற்சி பெற்ற ஒரு கன்னியர் என்ற வழக்கம் பரவியது. நம் பகுதி மூத்தோர் 'சிஸ்டரம்மா டிஸ்பென்சரி' என்று சொல்வது இதைத்தான்.

ஓட்டைக் குடம்

எம் சொந்த வாழ்விலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் பிறந்தது சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் கிராமம். எமக்கு ஏழு வயது இருக்கும், 1970களின் பிற்பகுதி. ஒன்றரை வயதுத் தங்கைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. 'போகிற பிள்ளைக்குத் தண்ணீர் காட்டாதே. வயிற்றைக் காயப்போடு' என்று பெரியவர்கள் சொன்னார்கள். தாய்ப்பாலையும் நிறுத்தினார்கள். அவள் தண்ணீர்ப் பானையைப் பார்த்துக் கை நீட்டினாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கொடுத்தால் பிள்ளை செத்துப்போகும் என்று அம்மா உறுதியாக நம்பினார்கள். மூன்றாம் நாள் விடியுமுன் அவள் போய்விட்டாள். பாசம் இல்லாத வீடு அல்ல அது.

குருமடத்தில் படிக்கும்போதுதான் நாம் இன்னொரு செய்தியை அறிந்தோம். 1971இல் வங்கதேசப் போரின்போது, பொங்காவ் என்ற எல்லையூரில் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துவிட்டது. மருத்துவர் திலீப் மகலானபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினரையே புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அது நாலுக்கும் குறைவாக இறங்கியது. குடலில் உப்பு தனியே எளிதாக ஏறாது. சர்க்கரை கூட இருந்தால் இரண்டும் சேர்ந்து உள்ளே போகும், தண்ணீரும் பின்னாலேயே போகும். பேதியின்போதும் இந்த வழி அடைபடுவதில்லை. இவ்வளவுதான் இரகசியம்.

1971இல் பொங்காவில் தெரிந்த இந்த உண்மை, எங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை. மருந்து கிடைக்காமல் அவள் இறக்கவில்லை. உப்பும் சர்க்கரையும் தண்ணீரும் அடுக்களையிலேயே இருந்தன. சொல்லிக்கொடுக்க ஒருவர் இல்லை.

அதனால்தான் இப்பகுதி மூத்த தாய்மார் ஒரு சிஸ்டரம்மாவைப் பற்றிச் சொன்ன செய்தி எம் மனத்தில் பதிந்துவிட்டது. மலையாளம் கலந்த தமிழ் பேசிய அந்தக் கன்னியர் தெருவில் நாலு பெண்களைக் கூட்டி உட்கார வைப்பாராம். ஒருத்தி கேட்டாளாம்: "போற பிள்ளைக்குத் தண்ணி குடுத்தா இன்னும்ல போகும், சிஸ்டரம்மா?" அவர் அடியில் ஓட்டை விழுந்த ஒரு குடத்தை எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் காட்டினாராம். "ஓட்டை தானா அடையும். அது வரைக்கும் ஊத்திக்கிட்டே இருக்கணும். ஊத்தலேன்னா குடம் காலியாயிரும், தாயி." பிறகு கேட்டவளையே உப்பும் சர்க்கரையும் போட்டுக் கலக்கச் சொல்லி, அவளையே ருசி பார்க்கச் சொல்வாராம். "கண்ணீரை விட உப்புக் கரிச்சா கீழ ஊத்திரு, புதுசாக் கலக்கு." கண்ணீரின் ருசி தெரியாத தாய் உண்டா?

இதே முறையை வங்கதேசத்தில் பிராக் என்ற நிறுவனம் 1980 முதல் 1990 வரை ஒரு நாடு முழுவதற்கும் செய்து காட்டியது. பெண் பணியாளர்கள் ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு நடந்தே போய், தாயையே கலக்க வைத்துக் கற்பித்தார்கள். பின்னர் வேறொருவர் போய், அத்தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்று பார்ப்பார். அதைப் பொறுத்தே கற்பித்தவருக்கு ஊதியம். பிரசங்கம் செய்யும் நமக்கு இந்த ஏற்பாட்டைப் படித்தபோது சற்று நாணமாகவே இருந்தது.

இன்றும் பயன்படும் என்பதால் அளவை எழுதுகிறோம். கொதித்து ஆறிய நீர் ஒரு லிட்டர், தலைதட்டிய தேக்கரண்டியில் சர்க்கரை ஆறு, உப்பு அரை. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அதுவே சிறந்தது. எவ்வளவு நீரில் கலப்பது என்று உறையில் உள்ளபடியே செய்யுங்கள். ஒவ்வொரு முறை போன பின்பும் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரை டம்ளர்வரை கொடுக்கலாம்; வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், கஞ்சி, மோர் கொடுங்கள். மருத்துவர் தரும் துத்தநாக மாத்திரையை 14 நாளும் முடிக்க வேண்டும். கண் குழிந்தாலோ, பிள்ளை துவண்டாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

வேப்பிலையும் முருங்கைக்கீரையும்

அடுத்து அம்மை. பெரியம்மை 1975இல் இந்தியாவை விட்டே போனது. தட்டம்மை போகவில்லை. இருக்கன்குடி மாரியம்மனை வேண்டிக்கொள்ளும் வட்டாரம் நம்முடையது. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகுவார்கள்; வெளியார் உள்ளே வரமாட்டார்கள். நோய் பிறருக்குப் பரவாமல் தடுக்கும் நல்ல கட்டுப்பாடு அதில் இருந்தது. நம் கிறிஸ்தவ வீடுகளிலும் அதே வழக்கம் இருந்ததை நாம் அறிவோம். தீங்கு வேறிடத்தில் இருந்தது: பிள்ளையைப் பட்டினி போட்டது. ஏற்கெனவே மெலிந்த உடலில் அம்மை இருந்த கொஞ்சம் வைட்டமின் ஏ சத்தையும் தின்றுவிடும். அம்மை இறங்கிய பின் கண்ணில் பூ விழுந்து பார்வை போன பிள்ளைகள் அன்று ஊருக்கு ஊர் உண்டு.

இதில் நம் தமிழ்நாடு உலகத்துக்கே ஒரு பாடம் கொடுத்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் லலிதா ரஹ்மத்துல்லாவும் அவருடன் பணியாற்றியோரும் திருச்சி மாவட்டத்தில் சுமார் 15,000 பிள்ளைகளிடம் ஆய்வு நடத்தினார்கள். வாரந்தோறும் சிறிய அளவில் வைட்டமின் ஏ பெற்ற பிள்ளைகளிடையே இறப்பு பாதிக்கும் மேல் குறைந்தது என்று 1990இல் வெளியிட்டார்கள். கண்ணைக் காப்பாற்றப் போனவர்கள் உயிரையும் காப்பாற்றினார்கள்.

செவிலியர் இதைத் தாய்மாருக்குச் சொல்ல எடுத்துக்கொண்டது புழக்கடையில் நிற்கும் முருங்கை மரம். கீரையைச் சுண்டி, சோற்றோடு பிசைந்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். 'வேப்பிலையை எடுக்காதே, சோற்றை நிறுத்தாதே' என்பதே அவர்கள் பேச்சு. பழக்கத்தை முழுதும் பழிக்காமல், கேடானதை மட்டும் பிரித்தெடுத்த அந்த விவேகத்தை நாம் இன்றும் வியக்கிறோம். 1985இல் தட்டம்மைத் தடுப்பூசி நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, ஒன்றரை வயதை ஒட்டி இன்னொன்று என்பதை மறவாதீர்கள்.

இருமலும் வலிப்பும்

இருமல் கண்டால் தொக்கம் எடுப்பது, மூக்கில் எண்ணெய் விடுவது நம் பக்கத்து வழக்கம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி அங்கேயே ஒரு நோயை உண்டாக்கும். செவிலியர் இதற்குக் கொடுத்த மாற்று, கைக்கடிகாரம். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையை விலக்கி, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குட்பட்டதற்கு 50, ஐந்து வயதுவரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ மிஞ்சினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, அது வெறும் சளி அல்ல. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் எண்ணக் கற்றுக்கொண்டாள்.

காய்ச்சல் வலிப்புக்குச் சூடு போட்ட தழும்போடு இன்றும் நம்மிடையே பெரியவர்கள் இருக்கிறார்கள். வலிப்பு வந்த பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும்; வாயில் கரண்டியோ தண்ணீரோ கூடாது; கையில் இரும்பு கொடுப்பதால் பயனில்லை. காய்ச்சலில் கம்பளி போர்த்தாமல் மெல்லிய துணி உடுத்துங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்குக் காய்ச்சல் என்றால் காத்திருக்கவே கூடாது.

ஷிப்டு முடிந்த பிறகு

இவ்வளவு கற்பித்தும் ஓரிடத்தில் நாம் தவறினோம். நம் தாய்மார் எல்லாரும் வீட்டிலா இருந்தார்கள்? மில்லில் ஷிப்டு, தீப்பெட்டி ஒட்டும் வேலை, தறி. சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி எத்தனையோ ஊர் மருத்துவமனைகளில் காயங்களைக் கட்டுகிறது. அதை நெய்யும் தாய் தன் பிள்ளைக்குப் பேதி என்றால் தறியை நிறுத்த முடிகிறதா? காலை பத்து மணிக்கு மருந்தகத்தில் கூட்டம் என்றால், வரக்கூடியவர்களே வருவார்கள். மிகவும் தேவைப்பட்டவர்கள் வரமாட்டார்கள். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பாட்டியும் அக்காளும். அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தகப்பன்மாரை நாம் அழைக்கவே இல்லை. 'பெற்றோருக்குப் போதனை' என்று பெயர் வைத்து, பாரம் முழுவதையும் தாயின் தலையில் ஏற்றினோம். பிள்ளை இறந்தால் பழியும் அவளுக்கே.

இதைச் சரியாகப் புரிந்து செயல்பட்ட முயற்சிகளும் தமிழ்நாட்டில் உண்டு. 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், அந்தந்த ஊர்ப் பெண்களையே பணியாளராக எடுத்தது. மாதந்தோறும் பிள்ளைகளை எடைபோட்டு அட்டையில் கோடு போட்டுக் காட்டினார்கள். எடை ஏறாத பிள்ளைக்கே சத்துணவு. கோடு கீழே சாய்ந்தால் பாட்டிக்கும் புரிந்தது. பின்னர் கிராம சுகாதாரச் செவிலியர் வீடு வீடாக வந்தார்கள். சாதி பாராமல், மதம் பாராமல், வெயிலில் நடந்த அந்தச் சகோதரிகளுக்கு இம்மலரின் வழியாக நம் பங்கு வணக்கம் செலுத்துகிறது.

பயன் கண்கூடு. 1971இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் 129 பேர் முதலாண்டு நிறைவுக்கு முன் இறந்தார்கள். 2020இல் அது 28; தமிழ்நாட்டில் 13. இந்தியா இளம்பிள்ளைவாதம் ஒழிந்த நாடு என்று 2014இல் சான்றிதழ் கிடைத்தது. விருதுநகரிலேயே 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது.

இனி

நம் பகுதியில் பழைய மருந்தகங்கள் பல பூட்டிக் கிடக்கின்றன. அதற்காக வருந்தத் தேவையில்லை. அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. வருந்த வேண்டியது வேறொன்றுக்கு. மருந்தகத்தோடு போதனையும் போய்விட்டது. சாதாரணச் சளிக்கும் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்கிறோம். ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்ட இனிப்புப் பானங்களைப் பேதி கண்ட பிள்ளைக்குப் புகட்டினோம். சர்க்கரை மிகுந்தால் பேதி கூடும். 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அப்பெயரை அவற்றில் போடக் கூடாது என்று ஆணையிட்டது. கைப்பேசியில் வரும் வதந்தியை நம்பித் தடுப்பூசியைத் தள்ளிப்போடும் வீடுகளும் உண்டு. அன்று பாட்டி தெரியாமல் செய்தாள். இன்று படித்த நாம் செய்கிறோம்.

ஆகவே பங்குப் பேரவையோடு கலந்து ஒரு முடிவு செய்துள்ளோம். இந்த யூபிலி ஆண்டு முதல், ஞானஸ்நானத் தயாரிப்பு வகுப்பில் ஒரு மணி நேரம் இதற்கென்று ஒதுக்கப்படும். பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் கற்பிப்பார். தாய் மட்டும் வந்தால் போதாது. தகப்பனும் ஞானப் பெற்றோரும் பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பாட்டியும் வர வேண்டும். ஷிப்டு முடிந்த பிறகே வகுப்பு. ஒவ்வொருவரும் தம் கையால் கலக்கி, தாமே ருசி பார்க்க வேண்டும். வேற்று மதத்து அண்டை வீட்டாரும் தாராளமாக வரலாம்.

நற்செய்தியில் யாயீர் என்பவரின் மகளை ஆண்டவர் உயிர்ப்பித்ததை நீங்கள் அறிவீர்கள். பன்னிரண்டு வயதுச் சிறுமி எழுந்து நடந்தாள். கூடியிருந்தோர் மலைத்துப்போய் நின்றார்கள். அப்போது ஆண்டவர் பெற்றோருக்குச் சொன்னது என்ன? பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொன்னார். புதுமையை அவர் செய்தார். அதன்பின் பிள்ளையைப் பேணும் வேலையைத் தாய் தகப்பன் இருவரிடமும் ஒப்படைத்தார்.

கல்லறைத் திருநாளில் சிறு கல்லறைகளுக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். அவற்றில் உறங்கும் பிள்ளைகளுக்குப் பேசத் தெரியாது. தாகம் என்று சொல்லத் தெரியாமலே போனவர்கள் அவர்களில் பலர். எம் தங்கைக்காகவும் ஒரு செபம் சொல்லுங்கள்.

ஆண்டவர் உங்கள் இல்லங்களையும் உங்கள் மடியில் வளரும் மழலைகளையும் ஆசீர்வதிப்பாராக.

இறைப்பணியில்,
உங்கள் பங்குத் தந்தை